பொன்முடிச் சாலையும் மரத்துப்போன இரு விரல்களும்

உடன்பிறந்தார் இருவர் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. எங்களுள் மூத்தவர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பொற்பணி செய்பவர். இளையவர் அலுவலகமொன்றில் கணக்கு எழுதுபவர். மயிரிழை போன்ற பொற்கம்பியைச் சாவணத்தால் எடுத்துப் பற்றவைக்க வேண்டியவருக்கு விரல் மரத்துப்போனால் என்னவாகும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். சென்ற ஆண்டு அந்நிலை எங்கள் வீட்டில் நேர்ந்தது. காரணம் ஒரு மிதிவண்டி.

2023 அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. வேடிக்கை பார்க்கச் சென்ற நாங்கள், வீடு திரும்புமுன்பே ஆளுக்கொரு வண்டி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். ஐம்பதைக் கடந்த பின்னர் ஏன் இந்த ஆசை என்று இல்லத்தார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் விடையில்லை. கடையில் எங்களுக்குக் கிடைத்தது ‘ஹைப்ரிட்’ என்னும் கலப்பு வண்டி. பந்தய வண்டியின் விரைவும் மலை வண்டியின் நேரான ஹேண்டில் பாரும் அதில் சேர்ந்திருக்கும்.

நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்றால் கல்லாறு வரும். அங்கிருந்து பொன்முடி வரை 22 கொண்டையூசி வளைவுகள். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது; கை நோகவில்லை. துன்பம் இறங்கும்போது வந்தது. உடலின் பாரம் முழுவதும் முன்னே சரிந்து உள்ளங்கையில் இறங்க, வளைவுக்கு வளைவு பிரேக்கையும் இறுக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் மூத்தவரின் வலக்கையில் சிறுவிரலும் மோதிர விரலும் மரத்தன. “தம்பி, பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை” என்று அவர் சொன்னபோது எங்கள் இருவருக்குமே வியர்த்துவிட்டது. எஞ்சிய வளைவுகளை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம்.

கல்லாற்றில் உருண்டு திரண்ட கற்களுக்கிடையே ஓடிய தண்ணீரில் நெடுநேரம் கையை வைத்திருந்தார். குளிர்ச்சி மூன்று விரல்களுக்குத் தெரிந்தது, இரண்டுக்குத் தெரியவில்லை. அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் எங்கள் வண்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார். இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஆள் வழுக்கி முன்னே வராமல் என்ன செய்வார் என்று மலையாளத்தில் கேட்டார். பஞ்சு வைத்த கையுறைக்கும், தடித்த ரப்பர் கிரிப்புக்கும் முன்பே பணம் செலவழித்திருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். முழங்கையின் உட்புறம் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல்வரை மின்னலோடுமே, அந்த அல்னார் நரம்புதான் இது என்றார். மணிக்கட்டைத் தாண்டி, சிறுவிரற்பக்கத்து உள்ளங்கை அடியில் ஒரு குறுகிய வழியாக அது செல்கிறது. அவ்வழியை 1861-இல் விவரித்தவர் பிரெஞ்சு நாட்டுக் கியோன் என்னும் மருத்துவர். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நேரான பாரில் கையூன்றும்போது அழுந்துவது அந்த இடமே. விரல்களில் உணர்ச்சி திரும்பும்வரை வண்டியைத் தொடக்கூடாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை மெலியக் கண்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஐந்து வாரம் அண்ணன் நுண்பணி எதையும் தொடவில்லை. அந்த ஐந்து வாரமும் நாள்தோறும் காலையில் அச்சதையை அவர் தடவிப் பார்த்ததை வீட்டில் எல்லோரும் அறிவோம். ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

அந்நாட்களில் நினைவுக்கு வந்தது எங்கள் தந்தையாரின் பழைய ஹெர்குலிஸ் வண்டி. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்கு இங்கு வந்தவர், 1956-இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். அவ்வண்டியின் கைப்பிடி பின்னோக்கி வளைந்து வரும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும். ஓட்டுபவர் நிமிர்ந்து அமர, பாரமெல்லாம் இருக்கைக்கே போகும். கை மரத்தது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

அதன்பின் எங்கள் வண்டிகளைச் சீர்செய்தோம். முதலில் கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் வசதியைக் கொண்டு இருக்கையைச் சமமாக்கினோம். பாதித் துன்பம் அதிலேயே தீர்ந்தது என்பது எங்கள் துணிபு. பாரைத் தாங்கும் தண்டின் கீழ் வளையங்களை இட்டு 2 சென்டிமீட்டர் உயர்த்தினோம். பிரேக் பிடியைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினோம். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக இருந்தால் மணிக்கட்டு மடியாது. உள்ளங்கையின் அடியைத் தாங்கும் அகன்ற சிறகுடைய கிரிப்பும், கையை இடம் மாற்றிப் பிடிப்பதற்குப் பாரின் இரு முனைகளிலும் சிறு கொம்புகளும் பொருத்தினோம். கல்லைப் போல் இறுகியிருந்த டயரிலும், அதன் ஓரத்தில் அச்சிட்ட வரம்புக்குள், காற்றைக் குறைத்தோம். தடித்த ரப்பர் கிரிப்பு இப்போது அம்மியின் கீழ் கிடக்கிறது. கையுறையை மட்டும் விடவில்லை. கொடுத்த விலை அப்படி.

சென்ற மாதம் மீண்டும் பொன்முடி ஏறி இறங்கினோம். மூன்று வளைவுக்கொரு முறை நின்று கையை உதறிக்கொண்டோம். கல்லாற்றில் அதே கடை. கண்ணாடித் தம்ளரில் ஆவி பறக்கும் தேநீர். அண்ணன் தம்ளரைத் தூக்காமல், சிறுவிரலை மட்டும் அதன்மேல் வைத்துப் பார்த்தார். சுட்டது. சட்டென்று விரலை இழுத்துக்கொண்டு சிரித்தார்.