செவிக்கு எட்டாமற் போன எழுத்து

 

அரபியின் ஸீன், ஸாத், ஸா ஆகிய மூன்றையும் நாம் தமிழில் ‘ஸ’ என்றே எழுதி விடுகிறோம். ஆனால் ஓதும்போது மூன்றும் மூன்று ஓசைகள். எழுத்தின் உருவத்தை ஏடு காட்டும். ஓசையைச் செவிதான் கற்க வேண்டும்.

எம் மத்ரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி, ‘கவ்ஸர்’ என்பதிலுள்ள ‘ஸா’வை, நாநுனியை மேற்பல்லின் விளிம்பில் வைக்காமல், ‘ஸீன்’ ஆகவே ஓதி வந்தாள். பன்முறை திருத்தினேன், கடிந்தும் கொண்டேன். “ஹஜ்ரத், நீங்க தந்த கிராஅத்தைக் கேட்டுத்தானே வீட்டிலே ஓதுறேன்” என்றாள் ஒருநாள். அவளுடைய தாயாரின் கைப்பேசியை வாங்கிக் கேட்டேன். வெட்கிப் போனேன். எது ஸீன், எது ஸா என்று எனக்கே விளங்கவில்லை. கைப்பேசியில் இடம் அடைக்கலாகாதென்று, வினாடிக்கு 16 கிலோபிட் அளவுக்கு அப்பதிவைச் சுருக்கி வீடுதோறும் அனுப்பியவன் நானேதான்!

ஸீனின் சீறலொலி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. அளவு மீறிச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த உச்ச ஓசைகளே. ஒலித்தகடோ வினாடிக்கு 44,100 முறை ஓசையை அளந்து பதிந்திருக்கிறது. மனிதச் செவி எட்டும் 20,000 ஹெர்ட்ஸுக்கு அது தாராளம். (என் போன்ற நாற்பது கடந்தோரின் செவி அவ்வளவு தூரமும் எட்டாது.) 2001இல் வெளிவந்த ‘ஃப்ளாக்’ முறை, அத்தகட்டிலுள்ளதில் ஓர் அணுவும் இழக்காமல் ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கித் தருகிறது. ஆனால் முன்பே சுருங்கிப் போன பதிவை ஃப்ளாக்காக மாற்றிப் பயனில்லை, போனது போனதே. ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் 1961இல் ஓதிப் பதிந்த முழுக் குர்ஆனின் ஒலித்தகடுகள் என்னிடம் இருந்தன. அவற்றிலிருந்தே மீண்டும் எடுத்தேன்.

அடுத்து, கேட்கும் கருவி. கடைக்காரர் ‘பேஸ்’ மிகுந்த ஹெட்போனைப் புகழ்ந்தார். அந்த முழக்கத்தில் மெல்லிய ‘ஸா’ அமுங்கிப் போயிற்று. கம்பியில்லாப் புளூடூத் வகை, கைப்பேசியிலிருந்து செல்லும் ஒலியை வழியில் மறுபடியும் சுருக்குகிறது. ஆகவே காதை முழுதும் மூடும், கம்பியுள்ள எளிய ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தேன். ஹெட்போன் துளை இல்லாத கைப்பேசிகளுக்கென்று, எண்களை ஓசையாக மாற்றும் சிறு யூஎஸ்பி இணைப்பான் ஒன்றும் வாங்கினேன். விலை உயர்ந்தவற்றையும் போட்டுக் கேட்டேன். ஓதலைப் பொறுத்தவரை எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அச்சிறுமி அதை மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டாள். நான்காம் முறை அவளே ஓதினாள். நாநுனி உரிய இடத்திற்குச் சென்றது. கடிந்துகொண்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பழைய பதிவை அழிக்கச் சொல்லி வீடுவீடாகச் சென்று வருகிறேன். இன்னும் ஆறு வீடுகள் பாக்கி.