கொசுறு

காய்கறி வாங்கிப் பை நிறைந்த பிறகு, "கொஞ்சம் கறிவேப்பிலை போடம்மா" என்று கேட்கக் கூச்சப்படுகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் கட்சி. அதாவது, சென்ற வருஷம் வரையில் நான் இருந்த கட்சி!

என் அம்மா எதிர்க்கட்சி. கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி ஆகியவை கொசுறாக வந்து சேராவிட்டால் அவளுக்கு வியாபாரமே முடிந்ததாகாது. நான் காலேஜில் படித்த நாளில், அம்மா வாயைத் திறக்கும்போதே பத்தடி தள்ளிப் போய், பஸ் வருகிறதா என்று பார்ப்பவள்போல் நின்றுகொள்வேன். ஒரு நாள், "உன்னோடு வந்தால் மானம் போகிறது, அம்மா!" என்று சொல்லியும்விட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அதன் பிறகு என் எதிரில் அவள் கொசுறு கேட்டதேயில்லை.

சென்ற வருஷம் பத்திரிகை வேலையாகக் கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டாவுக்குப் போயிருந்தேன். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். நம் ஊட்டியைவிட உயரம். வருஷம் முழுவதும் சால்வைக் குளிர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உள்ளூர்த் தோழி ஒருத்தி என்னை ஒரு ரொட்டிக் கடைக்கு அழைத்துப் போனாள். முன்பக்கம் ரொட்டி வியாபாரம். உள்ளே சாப்பாட்டு மேஜைகள். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் 'அஹியாகோ' என்ற சூப் வந்தது. கோழி, சோளக் கதிர், மூன்று தினுசு உருளைக்கிழங்கு! ஒரு தினுசு கரைந்து குழம்பாகிவிடுகிறது. மற்றவை துண்டு துண்டாக நிற்கின்றன. பிறகு சூடான சாக்லேட் பானம். அதில் பாலாடைக் கட்டியைப் போட்டு, இளகியதும் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தேன், பிறகு இன்னொரு கோப்பை கேட்டேன். 'பான்தெபோனோ' என்ற ரொட்டி நம் மரவள்ளிக்கிழங்கு மாவும் பாலாடைக் கட்டியும் சேர்ந்தது. பக்கத்து மேஜைக் குழந்தை குடித்ததோ சாட்சாத் வெல்லத் தண்ணீர்! கரும்பு வெல்லத்துக்கு அங்கே 'பனேலா' என்று பெயர்.

கிளம்பும்போதுதான் அந்தக் காட்சியைக் கண்டேன். ஓர் அம்மாள் பை நிறைய ரொட்டி வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டு, கடைக்காரியிடம் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் பெண்ணுக்குக் காலேஜ் வயது இருக்கும். சட்டென்று முகம் சிவந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"என்ன கேட்டாள்?" என்றேன் தோழியிடம்.

"ஞாப்பா. வாங்கியதற்கு மேலே ஒன்று, சும்மா. மலைவாசிகளின் கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது."

கடைக்காரி முணுமுணுக்கவில்லை. இன்னும் ஒரு ரொட்டியைப் பையில் போட்டு, 'பக்கத்து வீட்டுக்காரி' என்று பொருள்படும் வார்த்தையால் அந்த அம்மாளை அழைத்து விடை கொடுத்தாள். கேட்டவளுக்கும் கௌரவக் குறைவில்லை, கொடுத்தவளுக்கும் நஷ்டமில்லை. காசு கொடுத்து வாங்கியதைவிட அந்த ஒரு ரொட்டியில்தான் உறவு இருந்தது. வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அது நான்தான்!

ஊர் திரும்பிய மறுநாள் அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். பேசாமல் பையை எடுத்தாள்.

"கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்கம்மா!" என்றேன் நான், நாலு பேர் காதில் விழும்படி.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைக் கற்றுக்கொள்ளவா அத்தனை தூரம் போனாய்?" என்றாள். பிறகு காய்கறிக்காரி பக்கம் திரும்பி, "அப்படியே ஒரு துண்டு இஞ்சியும் போடு" என்றாள்.