சக்கரம் முனகுது... கேக்குதா?

உங்க வீட்டுல பைக், ஆட்டோ, டிராக்டர், லோடு வண்டின்னு ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும் இல்லையா? அது நல்லா இருக்கும்போது என்ன சத்தம் போடும்னு தெரியுமா? அது தெரியலைன்னா, கெட்டுப் போகும்போது போடுற சத்தமும் உங்களுக்குத் தெரியப் போறதில்லை பாஸ்! அரியர், அட்டெண்டன்ஸ், ஹாஸ்டல் சாம்பார் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வைங்க. இன்னிக்கு ஒரு பேரிங் கதை.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா பிக்கப் வண்டி ஓட்டுறார். சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல தக்காளி, முருங்கை, கத்திரின்னு ஏத்திக்கிட்டுப் போய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இறக்கணும். வண்டி ஒருநாள் நின்னா அன்னிக்கு வருமானம் கட். என் செமஸ்டர் ஃபீஸும் அந்த நாலு சக்கரத்து மேலதான் ஓடுது. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். (ஆமாங்க, பொண்ணுதான். அடுத்த பாராவுக்குப் போகலாமா?)

போன டிசம்பர் லீவுல அப்பாகூட மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வேகம் 40-ஐத் தாண்டினதும் 'ம்ம்ம்ம்'னு ஒரு முனகல். வேகம் கூடினா சத்தம் கூடுது, குறைஞ்சா குறையுது. இறக்கத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் நிக்கலை. அப்போ இன்ஜின் இல்லை, சக்கரம். இடது பக்கம் திரும்புற வளைவுல முனகல் அதிகமாகுது, வலது பக்கம் திரும்பினா அடங்குது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியோட பாரம் வலது சக்கரத்து மேல சாயும். ஆக, சந்தேகம் வலது முன் சக்கரத்து மேல. அதாவது, அப்பா உக்காந்திருக்கிற பக்கம்!

"அப்பா, வீல்ல சத்தம் வருதுங்க."

"எங்க கண்ணு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருமுனையில திரும்புற பஸ்ஸோட சத்தத்தை வச்சே, "அவனுக்கு ஃபேன் பெல்ட் லூஸு"ன்னு திண்ணையில இருந்து சொல்ற மனுஷன் அவர். அவருக்குக் கேக்கலையா? 22 வருஷமா டீசல் இன்ஜின் மேலேயே உக்காந்து ஓட்டினதுல, காது கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. எங்க யாருக்கும் தெரியலை. அவருக்கே தெரியலை!

அந்த முனகலை அப்படியே விட்டா என்ன ஆகும்? பேரிங் சூடேறி ஸ்டப் ஆக்ஸிலோட இறுகிக்கலாம். இல்லைன்னா உடைஞ்சு சக்கரமே கழண்டு ஓடலாம். பின்னாடி தக்காளி லோடு, எதிர்ல ஸ்கூல் பசங்க சைக்கிள்ல வர்ற ரோடு. மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

எங்க ஊர் மெக்கானிக் மாலை போட்டு சபரிமலைக்குக் கிளம்பியிருந்தார். வர நாலு நாள் ஆகும். அப்பா சின்ன வயசுல லாரிப் பட்டறையில வேலை பார்த்தவர். "நம்மளே பார்த்துக்கலாம் வா"ன்னுட்டார். அவரோட கை, என்னோட காது. டீம் ரெடி!

முதல்ல சந்தேகத்தை உறுதி பண்ணணும். சமதளத்துல நிறுத்தி, கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வச்சோம். ஜாக்கி போடுறதுக்கு முன்னாடியே வீல் நட்டை லேசா இளக்கிக்கணும், தூக்கின பிறகு இளக்கினா வண்டி ஆடும். தூக்கினதும் ஜாக்கியை மட்டும் நம்பாம, அடியில இரும்பு ஸ்டாண்டு கொடுக்கணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேண்டவே வேண்டாம் மக்களே, பாரத்துல பொடிஞ்சு போயிடும்.

சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா 'டக் டக்'னு ஆட்டம். அம்மாவை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டுத் திரும்ப ஆட்டினோம், நின்னுடுச்சு. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா பால் ஜாயின்ட் மாதிரி வேற ஏதோ பிரச்னை. அடுத்து, பக்கத்துல இருக்கிற ஸ்ப்ரிங் மேல கையை வச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்தினார் அப்பா. முகம் மாறிப்போச்சு. "மணல் அரைக்கிற மாதிரி இருக்கு கண்ணு..." காதுக்குக் கேக்காதது கைக்குத் தெரிஞ்சுடுச்சு!

சக்கரத்தைக் கழட்டி, பிரேக் கேலிப்பரை எடுத்தோம். அதை ஹோஸ்ல தொங்க விடக் கூடாது, கம்பி போட்டுக் கட்டிடணும். கிரீஸ் மூடி, உள்ளே ஸ்ப்ளிட் பின், அப்புறம் நட்டு, வாஷர். ஹப்பை இழுத்தா முதல்ல வெளிப்பக்கத்து பேரிங் வரும். பின்பக்கம் ஆயில் சீலை நெம்பி எடுத்தா உள்பக்கத்து பேரிங். சீல் கிழிஞ்சிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில ரோட்டுத் தண்ணி உள்ளே போய், கிரீஸ் துரு கலர்ல, கிட்டத்தட்ட வெல்லப் பாகு மாதிரி ஆகியிருந்தது. மண்ணெண்ணெய்ல கழுவிப் பார்த்தா, உருளைகள்ல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு.

இந்த உருளைகள் ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சிறுத்து இருக்கும். டேப்பர் ரோலர் பேரிங். மேலிருந்து அமுக்கும் பாரம், திரும்பும்போது பக்கவாட்டுல தள்ளும் பாரம், ரெண்டையும் ஒரே பேரிங் தாங்கணும்ல, அதுக்குத்தான் இந்தச் சரிவு. அமெரிக்காவுல குதிரை வண்டி செஞ்சுக்கிட்டிருந்த ஹென்றி டிம்கென் 1898-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். உருளைகளோட இருக்கிறது கோன், அது உக்கார்ற வளையம் கப்பு. சைக்கிள் கடையில கேட்ட அதே பேருதான்! ரெண்டும் ஜோடி. கோனை மட்டும் மாத்திட்டு பழைய கப்பை விட்டு வச்சா, பழைய குழி புது உருளையைத் தின்னுடும்.

பழைய கப்பைப் பித்தளை ராடு வச்சு, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டுன்னு மாத்தி மாத்தித் தட்டி இறக்கினோம். புதுசையும் அப்படித்தான் ஏத்தணும். பாதி வழியில 'டிங் டிங்'னு மணி மாதிரி கேக்கும். முழுசா உக்காந்ததும் சத்தம் 'தொப்'புனு கனமா மாறிடும். "மாறுச்சா, மாறுச்சா?"ன்னு அப்பா ஒவ்வொரு தட்டுக்கும் என் முகத்தைப் பார்த்தார். மாறினதும் தலையை ஆட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை. நானும்தான்.

கிரீஸ் வைக்கிறது தனி கலை. உள்ளங்கையில வீல் பேரிங் கிரீஸை வச்சு, பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அமுக்கி அமுக்கி, மறுபக்கம் உருளை இடுக்கு வழியா பிதுங்கி வர்ற வரைக்கும் ஏத்தணும். மேலே தடவினா போதாது. அதுக்காக ஹப் முழுக்க ரொப்பவும் கூடாது, சூடேறும். புது சீலோட உதட்டுல கொஞ்சம் கிரீஸ், அப்புறம் ஹப்பை மாட்டியாச்சு.

இப்போதான் மெயின் மேட்டர். நட்டை எவ்வளவு டைட் பண்றது? 'சக்கரமாச்சே, சும்மா முறுக்கித் தள்ளுவோம்'னுதான் தோணும். அங்கதான் ஆபத்து! ஹப்பைச் சுத்திக்கிட்டே முறுக்கணும், உருளைகள் இடத்துல உக்காரும். அப்புறம் நட்டை இளக்கிடணும். திரும்ப விரலால முறுக்குற அளவுக்கு மட்டும் இறுக்கி, பின் ஓட்டை நேரா வர்ற இடத்துல புது ஸ்ப்ளிட் பின். ஓட்டை நேரா வரலைன்னா லேசா இளக்கணும், இறுக்கக் கூடாது. இந்த மாதிரி ஹப்புல பொதுவா 0.025-ல இருந்து 0.125 மில்லிமீட்டர் வரைக்கும் இடைவெளி விடுவாங்க. கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன்! அந்த இடம் இல்லைன்னா பேரிங் சூட்டுல செத்துப்போகும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் புக்குல பார்த்துக்கோங்க. புது வண்டிகள் பலதுல ஹப்பும் பேரிங்கும் ஒரே சீல் போட்ட யூனிட்டா வரும். சிலதுக்கு பிரஸ் மெஷின் வேணும். அதையெல்லாம் வீட்டுல சுத்தியலால அடிச்சுப் பார்க்காதீங்க, ப்ளீஸ்.

கையைக் கழுவிட்டு உக்காந்தப்போ, கிளாஸ்ல படிச்ச ஒரு ஃபார்முலாவை அப்பாவுக்குச் சொன்னேன். பேரிங் ஆயுள் பாரத்தைப் பொறுத்தது. ஆனா பாரம் ரெண்டு மடங்கானா ஆயுள் பாதியாகும்னு நினைக்காதீங்க. ரோலர் பேரிங்குக்கு 10/3-ன்னு ஒரு அடுக்கு இருக்கு. ரெண்டு மடங்கு பாரம்னா ஆயுள் பத்துல ஒரு பங்கு! ஒன்றரை மடங்குக்கே கால்வாசிதான்.

அப்பா பொறுமையா கேட்டார். "சரி கண்ணு. அளவோட ஏத்தி ரெண்டு ட்ரிப் அடிச்சா, ரெண்டாவது ட்ரிப்புக்கு டீசல் யாரு போடுவா?" அதுக்கு என் சிலபஸ்ல பதில் இல்லை. வாடகையைப் பேசுறது நானும் இல்லை, அவரும் இல்லை.

பேரிங் செட், சீல், கிரீஸ் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. வீல் நட்டை எதிர் எதிரா முறுக்கி, பிரேக் பெடலை நாலைஞ்சு தடவை மிதிச்சு கெட்டியாக்கிட்டுக் கிளம்பினோம் (இதை மறந்துட்டா முதல் மிதியில பிரேக் பிடிக்காது!). மெயின் ரோடு. 40... 50... அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சத்தம் போயிடுச்சான்னு நீதான் சொல்லணும்."

"போயிடுச்சுங்கப்பா."

அஞ்சு கிலோமீட்டர் போனதும் இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்தோம். லேசான சூடுதான். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிச்சா, நட்டு ஓவர் டைட்னு அர்த்தம். நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்துட்டோம்.

பொங்கல் கழிச்சு அப்பாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சு, 'பீப்' கேட்டா பட்டனை அமுக்கச் சொல்ற டெஸ்ட். ரெண்டு காதுலயும் குறைஞ்சிருக்கு. இரைச்சலால போன கேள்வி திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்கன்னு சொன்னார் டாக்டர். அன்னிக்கு வீடு வரைக்கும் அப்பா பேசவே இல்லை. ஆனா இப்போ மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நாலு சக்கரத்தையும் ஒவ்வொண்ணா தூக்கி, ஸ்ப்ரிங் மேல கை வச்சுச் சுத்திப் பார்த்துடுறார். பார்த்ததும் ஹாஸ்டலுக்கு ஒரு போன். "நாலும் நல்லாருக்கு கண்ணு!"

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, நீங்களும் ஒரு நாள் இயர்போனைக் கழட்டிட்டு அப்பாவோட வண்டியில ஏறி உக்காருங்க ஃப்ரெண்ட்ஸ். சத்தம் ஏதாவது வருதான்னு கேளுங்க. அது அவருக்கும் கேக்குதான்னும் கேட்டுப் பாருங்க!