கெமிக்கல் எடுக்கலாமா சார்?

கவுன்சிலிங் நேரம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பாப்பா கெமிக்கல் இன்ஜினியரிங்தான் எடுப்பேன்னு நிக்குது. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு..."

எனக்கு உடனே பதில் வரவில்லை. 1985ல் இதே கேள்வியை, இதே போடியில், அவரே என்னிடம் கேட்டார்.

அப்போது அவர் பிளஸ் டூ முடித்த பையன். நல்ல மார்க். அப்பாவுக்குப் பூப்பாறைக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு பார்க்கும் வேலை. வாரம் ஒருமுறைதான் போடிமெட்டு வழியாக இறங்கி வருவார். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன கெமிஸ்ட்ரி வாத்தியார். பையனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "போபால்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தேல்ல? அந்தப் படிப்பு வேண்டாம்." அடுத்தது, "கெமிஸ்ட்ரியும் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் ஒண்ணுதாண்டா. பி.எஸ்ஸி. படி, செலவும் கம்மி."

வாத்தியார் சொன்னால் மறுபேச்சு கிடையாத காலம். பி.எஸ்ஸி. சேர்ந்தார். பிறகு கொச்சிப் பக்கம் மசாலாப் பொருட்களில் சாறு இறக்கும் ஒரு கம்பெனியில், ஆய்வகத்தில் வேலை. குறையில்லாத வாழ்க்கைதான். கல்யாணம் தாமதம், ஒரே மகள்.

பத்து வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "நாங்க குடுவையில பார்க்கறத, பக்கத்துக் கட்டடத்துல டன் கணக்குல ஓட்டுறாங்க சார். அங்க போகணும்னு ரொம்ப நாள் ஆசை. அந்தக் கணக்கு எனக்குச் சொல்லித் தரலையே." அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சொன்ன இரண்டுமே தப்பு. அதை இன்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில், இரண்டும் ஒன்றல்ல. எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது கெமிஸ்ட்ரி. அதையே பத்தாயிரம் லிட்டரில், தினமும் ஒரே தரத்தில், கட்டுப்படியாகிற செலவில், ஆள் சேதமில்லாமல் செய்வது கெமிக்கல் இன்ஜினியரிங். கையளவு குடுவையின் சூடு தானாக ஆறிவிடும். பெரிய தொட்டியில் சூடு உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுக்க ஒருவர் கணக்குப் போட வேண்டும்.

போபாலில் நடந்ததும் அதுதான். 1984 டிசம்பர் 2ம் தேதி இரவு, மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வினை நடந்து சூடு ஏறிக்கொண்டே போனது. குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகக் கூடாது என்றேன். பொறுப்பான பிள்ளைகள் போக வேண்டும் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இனி படிப்புக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி பிடிக்கும் என்பது மட்டும் போதாது. இதில் கணக்கும் இயற்பியலும்தான் அதிகம். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது, கலவையை எப்படிக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது, இவைதான் பாடம். அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1944ல் தொடங்கிய ஏ.சி. டெக் சென்னையில் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி., சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு.

வேலை என்றால் மணலி சுத்திகரிப்பு ஆலை, தூத்துக்குடி உரத் தொழிற்சாலை, கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் புகளூர் ஆலை என்று சொல்லிக்கொண்டே போகலாம். மருந்து, சிமெண்ட், சர்க்கரை, உணவு, பேட்டரி எல்லாவற்றிலும் இடம் உண்டு. திருப்பூரில் 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்றானது. அதுவும் இந்தப் படிப்பின் வேலைதான்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஆலைகள் ஊருக்கு வெளியே இருக்கும். ஷிப்ட் உண்டு, ராத்திரி வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் சாப்ட்வேர் பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட வைக்கலாம். படித்தவர்களில் பலர் அந்தப் பக்கமே போய்விடுகிறார்கள். பொதுத்துறை வேலைக்கும் மேற்படிப்புக்கும் கேட் தேர்வு உதவும். இதெல்லாம் தெரிந்தும் பிடித்தால் எடுக்கலாம்.

அன்று போனில் இவ்வளவும் சொல்லவில்லை. "பாப்பாகிட்ட குடுங்க" என்றேன். ஒரு கணக்குக் கொடுத்தேன்.

"100 கிலோ பச்சை ஏலக்காய். அதுல 80 கிலோ தண்ணி. ஈரம் 10 சதவீதமா குறையற வரைக்கும் உலர்த்தணும். எத்தனை கிலோ விறகு வேணும்? ஒரு கிலோ தண்ணிய ஆவியாக்க 2,400 கிலோஜூல். காஞ்ச விறகு ஒரு கிலோவுக்கு 15,000 கிலோஜூல்னு வச்சுக்கோ."

சாயந்திரம் அவளே கூப்பிட்டாள். "22 கிலோ காய் மிஞ்சும் தாத்தா. 78 கிலோ தண்ணி போகும். விறகு பன்னெண்டரை கிலோ வருது. ஆனா இது தப்பு."

"ஏம்மா?"

"அப்பாகிட்ட கேட்டேன். ஸ்டோர்ல அதப்போல பல மடங்கு எரியுமாம். அப்ப மீதிச் சூடு எங்க போகுது? புகைக்கூண்டு வழியாவா, சுவர் வழியாவா? இல்ல ஈரக் காத்த வெளிய விடும்போது அதோட சேர்ந்து போகுதா?"

அவள் தாத்தா இருபத்தைந்து வருடம் அந்த அடுப்பைப் பார்த்தவர். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், வாசனை எண்ணெய் பறக்கும். குறைந்தால் காய் வெளுக்கும். தெர்மாமீட்டர் பார்க்காமல், அறைக்குள் கையை நீட்டியே சூடு சொல்வார் என்று மகன் சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குத் தெரிந்ததைப் பேத்தி கணக்காகக் கேட்கிறாள்.

"எடும்மா" என்றேன்.

பிறகு அவள் அப்பாவிடம், நாற்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டேன். "விடுங்க சார், அதான் பாப்பா போகுதுல்ல" என்றார்.

இந்தத் துறையில் இருக்கிற என் மாணவர்கள், உங்கள் ஆலை அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள். இந்த முறையாவது வாத்தியார் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்,
போடி