அடைத்த மூக்கோடு ஒரு மார்கழி

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. தெருமுனைக் கோயிலில் திருப்பாவை ஒலிக்கும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. இடது கன்னத்துக்குள் ஒரு கனம். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் விண்விண்ணென்று வலிக்கின்றன. இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டதில் தொண்டை காய்ந்து கிடக்கிறது. இடப்பக்கம் படுத்தால் இடது மூக்கு அடைக்கும்; புரண்டு படுத்தால் சற்று நேரத்தில் அது விட்டு, வலது மூக்கு அடைக்கும்.

இப்படிப் பக்கம் மாறுவதில் நோயின் பங்கு பாதிதான். மூக்குக்குள் டர்பினேட் என்ற சதை மடிப்புகள் இருக்கின்றன. ஒரு பக்கத்து மடிப்பில் ரத்தம் நிறைந்து தடிக்கும்போது மறுபக்கத்து மடிப்பு வடிந்து சுருங்கும். சில மணி நேரத்தில் இது தலைகீழாகும். 1895-இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்தார். நம் ஊரில் சரம் பார்க்கிறவர்களும் மூச்சு இடமும் வலமும் மாறி ஓடுவதைக் கவனித்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல மூக்கு உள்ளவர்களுக்கு இது நடப்பதே தெரியாது. உள்ளே ஏற்கெனவே வீங்கி இடம் குறைந்துபோனவர்களுக்குத்தான் ஒவ்வொரு மாற்றமும் தூக்கத்தைக் கெடுக்கும்.

டிசம்பர் 17, செவ்வாய்

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். நான் “சொல்லும்மா” என்றதுமே கண்டுபிடித்துவிட்டாள். “ஏட்டி, நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு வேது பிடிக்கச் சொன்னேனே, பிடிச்சியா?” பிடித்தேன் என்றேன். “தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட நின்னுருப்ப.” இல்லம்மா என்றேன். அவளுக்கு மனசு ஆறவில்லை.

வேது சுகமாகத்தான் இருக்கிறது. போர்வைக்குள் நொச்சி மணமும் சூடும் ஏற ஏற முகத்தின் பாரம் இறங்குகிறது. எழுந்து அரைமணி ஆனால் பழையபடி. 2016-இல் இங்கிலாந்தில் சைனஸ் தொந்தரவு தீராத 871 பேரிடம் நடத்திய ஆய்விலும் ஏறக்குறைய இதுதான் தெரிந்தது. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு பலன் கிடைத்தது; ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி மட்டும் குறைந்தது. பெரியவர்கள் ஆவி பிடிப்பதில் தவறில்லை. கொதிக்கிற பாத்திரத்தைக் கட்டிலில் வைத்துக் குழந்தைகளையும் போர்வைக்குள் உட்காரவைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம். பாத்திரம் சரிந்தால் தொடை வெந்துபோகும். குழந்தைக்கு வேதே வேண்டாம்.

டிசம்பர் 19, வியாழன்

காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். “எப்பலேர்ந்து இருக்கு டீச்சர்?” ஆடி மாதத்திலிருந்து என்றேன். பன்னிரண்டு வாரம் தாண்டினாலே நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று சொல்வார்களாம். இத்தனை மாதமும் வீட்டில், பள்ளியில், பஸ்ஸில், கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “சளிதானே!” இதற்கென்று ஒரு பெயரும் கால அளவும் சிகிச்சை முறையும் இருக்கிறது என்று ஒருவர் வாயால் கேட்டபோதே பாதி ஆறுதல் வந்துவிட்டது.

மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் வைத்தார்கள். தொண்டை கசந்து தடித்தது. பிறகு மெல்லிய குழாய்க் கேமரா உள்ளே போனது. திரையில் என் மூக்கின் உட்புறம்: ஈரம் மின்னும் இளஞ்சிவப்புச் சுவர்கள், நடுத்தண்டு இடப்பக்கமாக வளைந்து கிடந்தது. நடு மடிப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் சளி ஓர் இழையாக இறங்கித் தொண்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்க நான் செருமிச் செருமி விழுங்குவது இதைத்தான்.

முக எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள். கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், அதற்கும் பின்னே மண்டையோட்டின் ஆழத்தில். இவற்றில் கன்னத்து அறைதான் பெரியது. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அறைச் சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளி வாசலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். வாசலோரம் சற்று வீங்கினால் போதும், சளி உள்ளே தங்கிவிடும். தங்கிய இடத்தில் கிருமி வளரும், கிருமியால் வீக்கம் கூடும்.

டாக்டரம்மா இதைச் சொல்லும்போது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கரைப் பற்றியும் சொன்னார். அந்தக் காலத்தில் சளி தானாக வடியட்டும் என்று கன்னத்து அறையின் கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டுவிடுவார்கள். மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தார். நுண்மயிர்கள் அந்த ஓட்டையைச் சட்டைசெய்யாமல் அதைச் சுற்றிக்கொண்டு, இயற்கை வாசலை நோக்கியே சளியைத் தள்ளிக்கொண்டிருந்தன. இன்றைய எண்டோஸ்கோப் அறுவை புதுவழி வெட்டுவதில்லை, அந்தப் பழைய வாசலைத்தான் அகலப்படுத்துகிறது. எனக்கு இப்போதைக்கு அறுவை வேண்டாமாம். ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல், மூன்று மாதம் கழித்து சி.டி. ஸ்கேன். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

படுக்கையறையைக் காலி செய்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிய சுவர் இன்னும் காயவில்லை. பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம். பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்கும் வேலையை என் கணவரே எடுத்துக்கொண்டு என்னை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார். தலையணை உறை, போர்வை எல்லாம் 60 டிகிரி வெந்நீரில். தூசிப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. சென்னையில் அப்படி இறங்குவது அபூர்வம். அதனால் வெந்நீரை நம்ப வேண்டியிருக்கிறது. கொசுவர்த்தியும் இன்றோடு நிறுத்தம். வலை கட்டியாயிற்று.

டிசம்பர் 24, செவ்வாய்

கழுவல் கைக்கு வந்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, 240 மில்லி பாட்டிலில் ஊற்றி, மருந்துக்கடையில் விற்கும் உப்புப் பொட்டலத்தைக் கரைக்கிறேன். உடம்பின் உப்பு அளவுக்குச் சமமாக, அதாவது லிட்டருக்கு 9 கிராம் கணக்கில் இருந்தால் எரியாது. வெறும் தண்ணீர் என்றால் சுருக்கென்று பிடுங்கும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே மெதுவாக அழுத்தினால் இடது மூக்கில் போன நீர் வலது மூக்கால் வருகிறது. முதலில் தெளிவாக, பிறகு கெட்டியாக ஒரு திரள். அது விழுந்ததும் கன்னத்தின் பாரம் சட்டென்று குறைகிறது. யோகப் பயிற்சியில் ஜல நேதி என்று நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான்.

குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். குடித்தால் அந்த ஆபத்து இல்லை. இந்த ஆண்டு கேரளத்தில் அதனால் குழந்தைகள் இறந்தார்கள், பெரும்பாலும் நீர்நிலைகளில் குளித்தவர்கள். கொதிக்கவைத்த தண்ணீர் என்ற விதியை எந்த அவசரத்திலும் விடுவதாயில்லை.

டிசம்பர் 28, சனி

நாத்தனார் வந்திருந்தாள். பை நிறையத் தைலமும் மாத்திரையும். தைலத்தைத் தடவியதும் மூக்கு திறந்ததுபோல் இருந்தது. ஆனால் அதிலுள்ள மெந்தால் அடைப்பைக் குறைப்பதே இல்லை. நரம்பில் குளிர்ச்சியை அறியும் ஏற்பியைத் தூண்டுகிறது, காற்று நிறைய வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் உண்டு. 2021-இன் மருத்துவ நோபல் அவர்களுக்குத்தான். ராத்திரி தூக்கம் வர உதவினால் மெந்தாலுக்கும் நன்றி.

மாத்திரைக்கு நன்றி சொல்ல முடியவில்லை. அட்டையைத் திருப்பிப் படித்தால் ஃபினைலெஃப்ரின். வாய்வழி உட்கொண்டால் இது மூக்கடைப்புக்குப் பயன்படுவதில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. சென்ற மாதம் அந்த அமைப்பே இதை விலக்க முன்மொழிந்திருக்கிறது. “அண்ணி, அப்ப எனக்கு வர்ற தலைவலிக்கு என்னதான் போடுறது?” என்றாள். அவளுக்கு மூக்கடைப்பும் இல்லை, சளியும் இல்லை. வெளிச்சம் பட்டால் குமட்டுகிறது. அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், நரம்பியல் டாக்டரைப் பார் என்றேன். 2004-இல் அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி.

ஜனவரி 3, 2025, வெள்ளி

பள்ளி திறந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பைத் திருப்பி நடத்தினேன். மெல்லினம் மூக்கை இடமாகக் கொண்டு பிறக்கும் என்று நன்னூல் சொல்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘மாமன்’ என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். வகுப்பு முழுக்க ‘பாபத்’ என்று கேட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கார்த்திகையில் என் குரலே அப்படித்தான் இருந்தது. இன்று ‘ங்’கும் ‘ம்’மும் முழுதாக வந்தன.

உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று இழுக்கச் சொன்னேன். அப்படி முனகும்போது அந்த அதிர்வு காற்றறைகளுக்குள் இருக்கும் காற்றைக் கலக்கி வெளியே இழுக்கிறது. அமைதியாக மூச்சுவிடுவதைவிட முனகும்போது மூக்கிலிருந்து 15 மடங்கு நைட்ரிக் ஆக்சைடு வெளிவருவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் அளந்தார்கள். வாசல் அடைபட்டவர்களுக்கு இந்த ஏற்றம் இருக்காது.

ஜனவரி 8, புதன்

கணக்கு டீச்சர் ஓய்வறையில் மூக்கில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தார். கைப்பையில் ஒன்று, பீரோவில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று வைத்திருக்கிறாராம். சைலோமெட்டசோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஒரு வாரத்தைத் தாண்டி விட்டுக்கொண்டே இருந்தால் மருந்து இறங்கியதும் முன்னிலும் அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்காக மறுபடி விட வேண்டியிருக்கும். “இது இல்லாம தூங்கவே முடியல டீச்சர்” என்று அவர் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இது அவருடைய குற்றமில்லை. இதை விற்பவர்கள் யாரும் வாய்விட்டு எச்சரிப்பதில்லை.

என் ஸ்ப்ரேயைக் காட்டினேன். இது உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். ஸ்டீராய்டு என்றதும் அவர் பயந்தார். ஓர் அழுத்தலில் வருவது 50 மைக்ரோகிராம் ஃப்ளூடிகாசோன், ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். சனிக்கிழமை அவரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போகிறேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. மூன்று மணிக்கே ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். அப்படியும் ரப்பர் நெடி உள்ளே வந்துவிட்டது. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பழைய பாயும் துடைப்பமும் எரித்த வழக்கத்தில் டயர் எங்கிருந்து வந்தது? எதிர்வீட்டுத் தாத்தா ஆஸ்துமாக்காரர், நெபுலைசரோடு உட்கார்ந்திருக்கிறார். என்95 போட்டுக்கொண்டு கீழே போய், டயர் வைத்திருந்த பையன்களிடம் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் கேட்கவில்லை. நாளெல்லாம் மூக்கு ஒழுகியது, கழுவலைக் கூட்டிக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

மிளகு தாளிக்கும்போது நெடி ஏறித் தும்மினேன். தும்மிவிட்டுத்தான் புரிந்தது, மணம் தெரிகிறது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆறேழு மாதமாக அடுப்பில் பால் தீய்ந்தாலும் எனக்குத் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதால் தூங்கும் முன் ரெகுலேட்டரை இருமுறை பார்ப்பேன். மூக்கின் உச்சியில் இருக்கும் நுகர்ச்சி நரம்புகள் வரை காற்று இப்போதுதான் போய்ச்சேர்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “வேது பிடிச்சதுலதான் சரியாச்சு” என்றாள். அதோடு உப்புத் தண்ணியும் சேர்ந்துக்கிட்டும்மா என்றேன். “உப்புத் தண்ணியா? அதக் கொதிக்க வச்சியாட்டி?” என்று கேட்டாள்.

ஸ்கேன் மார்ச் மாதம். வாசல் திறக்கவில்லை என்றால் அறுவை. திறந்திருந்தால் இப்படியே தொடரலாம். அறுவை செய்தாலும் கழுவலும் ஸ்ப்ரேயும் விடக் கூடாது என்று டாக்டரம்மா இப்போதே சொல்லிவிட்டார். உப்புப் பொட்டலம் தீரப்போகிறது. நாளை பள்ளி விட்டு வரும்போது கணக்கு டீச்சருக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.