கப்பலுக்குக் கட்டிய மூட்டை

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாமாண்டு)

கடல் இல்லாத மாவட்டம் நம்முடையது. 1965ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரிக்குக் காவிரி உண்டு, ஒகேனக்கல் அருவி உண்டு, தீர்த்தமலை உண்டு. கடற்கரை மட்டும் கிடையாது. ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு மரக்கலம் எதிலும் கால் வைத்தறியாதவன் நான். அப்படிப்பட்ட நான் சென்ற மே மாதம் வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்து அந்தமான் போய் வந்தேன் என்றால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். நம்பியவர்களோ, "என்னடா எடுத்துக்கொண்டு போனாய்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

போர்ட் பிளேரில் என் அண்ணன் கொத்தனாராக இருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது கப்பலேறியவர், மூன்றாண்டுகளாக ஊர் திரும்பவில்லை. "விமானத்துக்குச் செலவு அதிகம், கப்பலுக்கு நாள் அதிகம். இரண்டுக்கும் கூலி போய்விடும்" என்பார் தொலைபேசியில். அம்மாவுக்கு அவரைப் பார்க்க வேண்டும். ஆனால் ஆடுமாடுகளை விட்டு அம்மாவால் நகர முடியாது. ஆகவே கோடை விடுமுறையில் நான் போய்ப் பார்த்து வருவதென்று முடிவாயிற்று.

கப்பல் பயணத்துக்கு ஆயத்தமாவது பேருந்துப் பயணத்தைப் போன்றதன்று. முதல் ஏற்பாடு சீட்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுக் கப்பல்கள் செல்கின்றன. நாள்தோறும் அல்ல, மாதத்தில் சில தடவை மட்டுமே. அறிவித்த நாள் மாறுவதும் உண்டு. ஆகவே போகும்போதும் வரும்போதும் கையில் இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு நாளைக்கு முதல் நாள் ஊர் திரும்பலாம் என்று கணக்குப் போடுபவன் ஏமாந்து போவான். சீட்டு வாங்கும்போதும் துறைமுக வாயிலிலும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தீவில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு, நம்மைப் போன்றவர்களுக்குச் சற்று அதிகம். அடையாள அட்டை, அதன் இரண்டு நகல்கள், பயணச்சீட்டு ஆகிய இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, பெட்டியில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மூட்டை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,190 கிலோமீட்டர், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களுக்கும், போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வாரங்களுக்கும் வேண்டியதை அம்மா ஒரு வாரமாகவே சேர்த்து வந்தார். ஐந்து கிலோ ராகி மாவு, விதை நீக்கிய புளி, வேர்க்கடலை உருண்டை, உப்பில் போட்டு உலர்த்திய நார்த்தங்காய். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பழைய நூல்சேலைகள் மூன்றை மடித்து அடுக்கிக் கையால் தைத்த ஒரு போர்வை.

"கண்ணு, இதையும் வச்சுக்க. ராத்திரிக்கு ஆகும்" என்றார்.

"அக்கினி நட்சத்திரத்துல போர்வை எதுக்கும்மா? கடல்ல இன்னும் வெக்கையா இருக்கும்" என்றேன் நான்.

அம்மா பதில் பேசவில்லை. போர்வையை மூட்டையின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால், வெக்கை மட்டும் காரணமன்று. கிழிந்த கரையும் சாயம் போன கட்டமும் தெரியும் அந்தப் போர்வையைக் கப்பலில் நாலு பேர் முன்னால் விரிக்க எனக்கு வெட்கம். கப்பல் என்றவுடன் என் மனக்கண்ணில் தோன்றியது திரைப்படக் கப்பல்தான்! ஆகவே அம்மா கொல்லைப்புறம் போன நேரம் பார்த்துப் போர்வையை எடுத்துப் பரண்மேல் போட்டேன். அந்த இடத்தில் நண்பனிடம் இரவல் வாங்கிய தோல் பூட்சையும், புதுச் சட்டைகள் இரண்டையும், ஒரு கறுப்புக் கண்ணாடியையும் அடுக்கினேன். மொரப்பூரில் ரயிலேறும்போது என் மூட்டை கனமாகவும் என் மனம் லேசாகவும் இருந்தன.

கப்பலில் ஏறிய முதல் பத்து நிமிடங்களிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஏறும் படி செங்குத்தானது. கப்பலுக்குள்ளும் மாடிக்கு மாடி இரும்புப் படிகள். இரண்டு கைகளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுபவன் பிடிமானத்துக்கு மூன்றாவது கையைத் தேட வேண்டும்! முதுகில் மாட்டும் பையே கப்பலுக்கு உகந்தது. மேல்தளத்தில் கடல்நீர் தெறித்து ஈரமாயிருந்த இடத்தில் என் இரவல் பூட்ஸ் வழுக்கி, நான் விழுந்தெழுந்ததை நாலு பேர் என்ன, நாற்பது பேர் பார்த்தார்கள். பிறகு அதைக் கழற்றி வைத்தவன்தான். பத்திரமாக நண்பனிடம் திருப்பிக் கொடுக்கும்வரை தொடவில்லை. அடியில் வரிவரியாகப் பிடிப்புள்ள ரப்பர் செருப்பே போதும்.

ஏறியவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உயிர்காப்பு மேலாடை எங்கே இருக்கிறது, ஆபத்து மணி அடித்தால் எந்தத் தளத்தில் கூட வேண்டும், அதற்குப் படி எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கு அணைந்தாலும் வழி தெரிய ஒரு சிறு டார்ச்சு விளக்கு தேவை. கரை மறைந்த சில மணி நேரத்தில் கைபேசிக்கு அலை கிடைக்காது. ஆகவே வீட்டாரிடம், "மூன்று நாள் பேச முடியாது, பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல மறந்தேன். அம்மா மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

இரண்டாம் நாள் காலை கடல் தன் வேலையைக் காட்டியது. நம் உட்செவியில் உடம்பின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. கப்பலின் உள்ளே அமர்ந்திருக்கும்போது, "அசைகிறோம்" என்று செவி சொல்கிறது. எதிரேயுள்ள சுவரைப் பார்க்கும் கண்ணோ, "அசையவில்லை" என்கிறது. இவ்விரு சாட்சிகளின் முரண்பாட்டில் மூளை குழம்புவதே குமட்டலும் மயக்கமும். இதற்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கி, குமட்டல் வருவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். வந்த பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மேல்தளத்துக்குப் போய்த் தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கண்ணும் செவியும் ஒத்துப்போகும். படுக்கை கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. எனக்குக் கைகொடுத்தது அம்மாவின் நார்த்தங்காய்தான். நாக்கில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டு அன்றைய பகலைக் கழித்தேன். கப்பலில் உணவு விலைக்குக் கிடைக்கிறது. என்றாலும் பொரி, ரொட்டி, கடலை உருண்டை போன்ற உலர்ந்த தின்பண்டங்கள் கையில் இருப்பது நலம்.

குடிநீர்ப் பாத்திரமும் வேண்டும். சுற்றிலும் நீர், ஆனால் குடிக்க உதவாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால் உப்பை வெளியேற்ற உடம்பு தன்னிடமுள்ள நீரையும் இழக்கும். தாகம் தணிவதற்கு மாறாகப் பெருகும். 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்படும்வரை புளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறை கண்ட மாவட்டத்தாருக்கு, நல்ல நீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துவைத்துப் போட்ட துண்டு இரண்டு நாளாகியும் காயவில்லை. கடற்காற்றோடு வந்து படியும் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்துப் புட்டியில் பார்த்த பண்பை என் துண்டில் கண்டேன்! ஆகவே தடித்த துணிகள் வேண்டா. மெல்லிய பருத்தித் துணிகளும், ஒரு நாள் கூடுதலாகச் சமாளிக்க மாற்றுடையும் போதும்.

வெயிலுக்குத் தொப்பி வேண்டும். மழைக்குக் குடையும் வேண்டும். நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் சுட்டெரிக்கும் மே மாதத்தின் பிற்பகுதியிலேயே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. நமக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய என்னை வரவேற்றது கொட்டும் மழை!

இனி அந்த இரவைச் சொல்ல வேண்டும். அடுக்குப் படுக்கைகள் உள்ள பெரிய கூடத்தில் எனக்கு இடம். கூடம் முழுவதும் குளிர்சாதனம். வெளியே வெப்பமண்டலக் கடல். உள்ளே மார்கழி மாதம்! விரிப்பு இல்லை, போர்வை இல்லை. வேட்டியைப் போர்த்திக்கொண்டு, முழங்காலை மார்போடு அணைத்துக் கிடந்தேன். பல் கிட்டியது. எதிர்ப் படுக்கையில் இராமநாதபுரத்துப் பக்கம் பிறந்து, தீவில் பல்லாண்டுகளாக வாழும் ஒரு பாட்டி விழித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, போர்வை கொண்டாரலியா? வீட்டுல யாரும் சொல்லலியா?"

சொன்னார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பாட்டி தம் பையிலிருந்து ஒரு நூல்சேலையை எடுத்து நான்காக மடித்து என்மேல் போட்டார். மூன்று இரவும் அந்தச் சேலையில்தான் தூங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன்: எல்லாரும் பழைய சேலையிலும் கம்பளியிலும் சுருண்டு கிடந்தார்கள். எல்லாரும் என் அண்ணனைப் போல வேலைக்குப் போகிறவர்கள். அல்லது என்னைப் போலப் பார்க்கப் போகிறவர்கள்.

நான்காம் நாள் விடியலில் தீவு தெரிந்தது. மணி ஐந்துதான், வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. தருமபுரி கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 93 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடமாகப் பதினைந்து பாகைக்கு ஒரு மணி. கடிகாரம் ஒன்றே, சூரியன்தான் முந்திக்கொள்கிறான். 1858ஆம் ஆண்டு மார்ச்சில் இருநூறு கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய துறை அது. அவர்கள் கட்டிவந்த மூட்டை எது? விலங்குதான். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட சிற்றறைச் சிறையைப் பின்னர் அண்ணனோடு பார்த்தபோது, மூட்டை கட்டித் தர ஒருவர் இருப்பதே பெரும்பேறு என்று தோன்றியது. 2024இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அண்ணன் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

அண்ணன் தங்கியிருந்தது தகரக் கூரை வேய்ந்த அறை. நான்கு பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். மழை இரவெல்லாம் கூரையில் கொட்டியது. அன்று மாலை அண்ணன் என் மூட்டையைப் பிரித்தார். மாவை முகர்ந்து பார்த்தார், புளியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையின் அடிவரை கைவிட்டுத் துழாவினார்.

"போர்வை எங்கடா? அம்மா எனக்குத் தச்சு வச்சிருக்கேன்னு சொல்லுச்சே. மழைக்காலத்துல சிமெண்டுத் தரை சில்லுன்னு இருக்குன்னு சொல்லியிருந்தேன்."

நான் உண்மையைச் சொன்னேன். அண்ணன் கோபிக்கவில்லை. "பரவால்ல விடு" என்று சொல்லி, சாக்கை விரித்து எனக்குத் தம் கம்பளியைத் தந்தார். அந்தப் "பரவால்ல" எனக்குச் சாட்டையடியாக விழுந்தது. போர்வை என் மூன்று இரவுகளுக்காகத் தைக்கப்பட்டதன்று. அவருடைய மழைக்காலத்துக்காகத் தைக்கப்பட்டது. எனக்கு வைத்தது போக மிச்சம் அவருக்கன்று. அவருக்கு வைத்ததில் மூன்று இரவுகளை எனக்குக் கடனாகக் கொடுத்திருந்தார் அம்மா.

திரும்பும்போது ஓர் எச்சரிக்கை. தங்கைக்குப் பவளப் பூச்சிக் கூடு ஒன்று எடுத்துவர நினைத்தேன். அண்ணன் தடுத்தார். பவளங்களும் சிலவகைச் சிப்பிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. கரையில் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது.

ஊர் திரும்பியதும் முதலில் பரணில் ஏறினேன். போர்வையை வெயிலில் உதறி, மடித்துக் கட்டி, அஞ்சலில் அண்ணனுக்கு அனுப்பினேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகவரியை மட்டும் சரிபார்க்கச் சொன்னார்.

தோழர்களே! கப்பலேறுபவர்கள் இக்கட்டுரையிலிருந்து டார்ச்சு விளக்கையும் ரப்பர் செருப்பையும் குறித்துக்கொள்ளலாம். அவை வேண்டியவைதான். ஆனால் வீட்டில் ஒருவர் மூட்டையில் ஒன்றை வைத்தால், "எதற்கு?" என்று கேட்பதோடு "யாருக்கு?" என்றும் கேட்டுவிட்டு, பிறகு எடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் ஊர் வந்தார். அவர் பையில் மேலாக மடித்து வைத்திருந்தது அந்தப் போர்வைதான். "கப்பல்ல குளுருமே" என்றார்.