மை எங்கே நிற்கிறது?

மதுரையில் நண்பர் நடத்தும் போட்டோ பிரிண்ட் கடையில் 44 அங்குல இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ரகம். ஏழு நிறம். மை தெறிக்கும் ஹெட்டில் நிறத்துக்கு 180 நாஸில், அதாவது நுண்துளை. கண்காட்சிக்குப் படம் போடுகிறவர்கள் இன்றும் அதைத் தேடி வருகிறார்கள். அதில் ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. ஒவ்வொரு நாஸிலும் ஒரு கோடு போட்டுக் காட்டும் சோதனைத் தாளான நாஸில் செக் போட்டால் ஒரு கோடுகூட விடுபடாது. பெரிய படத்தை ஓடவிட்டால் முதல் ஓரடிக்கு வானம் நல்ல நீலமாக வரும். அதற்குப் பிறகு லைட் சயான் என்கிற வெளிர்நீல மை மெல்ல மெல்ல வெளிறி, வானம் ரோஸ் நிறத்துக்குப் போய்விடும். மெஷினைச் சற்று நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி நாஸில் செக் போட்டால் எல்லாக் கோடும் பழையபடி வந்து நிற்கும்.

வந்து பார்த்த மெக்கானிக், “ஹெட்டு போயிருச்சுண்ணே. மாத்துனாத்தான் சரியாகும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நண்பர் பணத்துக்கு யோசிக்கத் தொடங்கினார். எனக்கோ வேறொரு கேள்வி. அடைத்துக்கொண்ட நாஸில், ஓய்வு கொடுத்தால் எப்படித் தானாகத் திறக்கும்? அதற்கு விடை தேடிப் புறப்பட்டதில் இங்க்ஜெட்டின் பூர்விகம் வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

அந்தப் பூர்விகம் இதய மருத்துவத்தில் தொடங்குகிறது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் மருத்துவம் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவர். இதயத் துடிப்பின் அலையைத் தாளில் வரையும் கருவியில் பேனா முள்ளின் எடையும், தாளில் அது உரசுவதும் வேகமான அசைவுகளை மழுங்கடித்தன. முள்ளையே எடுத்துவிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து மையைத் தாளின்மேல் பீய்ச்ச வைத்தார் அவர். 1951-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலுக்குள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கரை வடிவமைத்தவரும் இவரேதான்.

அடுத்த பெயரும் ஸ்வீடனில்தான் கிடைத்தது. லுண்ட் நகரத்து கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ். எட்லர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1953-ல் அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் பதிவு செய்தவர். இன்றைய ‘எக்கோ’ பரிசோதனைக்கு அதுவே தொடக்கம். அதன்பின் ஹெர்ட்ஸ் மைத்தாரையைத் துளிகளாக்கிக் கட்டுப்படுத்தும் ஆய்வில் இறங்கினார். அவருடைய முறையைக் கொண்டு அமெரிக்காவில் ஐரிஸ் பிரிண்டர்கள் உருவாயின. ஒரே நாஸிலிலிருந்து நொடிக்குச் சுமார் 10 லட்சம் துளி. பாடகர் கிரஹாம் நாஷ் 1,26,000 டாலர் கொடுத்து ஐரிஸ் 3047 ஒன்றை வாங்கி, 1991-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் கலைப்படங்களை அச்சிடும் கூடம் திறந்தார். அந்த மெஷின் இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவற்றில் எல்லாம் மை அழுத்தத்தோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஹெர்ட்ஸின் முறையில் வேண்டாத துளிகளுக்கு மின்னேற்றி, ஒதுக்கி, வடிகாலில் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தேதி அடிக்கிற மெஷின்கள் பல இன்றைக்கும் இப்படி மையைத் தொடர்ந்து பீய்ச்சித்தான் ஓடுகின்றன.

நண்பரின் பிரிண்டர் வேறு கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளை பிரிந்த இடம் ஸ்டீவன் ஸோல்டான் 1972-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில் தெளிவாகத் தெரிகிறது. மைக்கு அழுத்தமே தேவையில்லை. இருந்தாலும் மிகச் சிறிதளவு போதும் என்றார் அவர். நாஸிலின் வாயில் பரப்பு இழுவிசை மையைப் பிடித்து வைத்திருக்கும். மின்துடிப்பு கொடுத்தால் சுருங்கி விரியும் பீசோ பொருள் ஒன்று உள்ளே இருக்கும். கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்த விளைவின் மறுபக்கம் அது. துடிப்பு வரும்போது ஒரு துளி தெறிக்கும். துடிப்பு இல்லையென்றால் மை அசையாது. 1976-ல் கைசரும் சியர்ஸும் காப்புரிமை பெற்ற வடிவம், 1993-ல் வந்த எப்சன் ஸ்டைலஸ் 800 என்று இந்த வழி வளர்ந்தது.

என் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. இந்த வகை ஹெட்டுக்குள் மையை யாரும் தள்ளுவதில்லை. வெளிக்காற்றைவிடச் சற்றே குறைந்த அழுத்தத்தில் மை நிற்கிறது. துளி போனபின் காலியான இடத்தை, நுண்குழாய் ஈர்ப்பால் நாஸில்தான் பின்னாலிருந்து இழுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். 4 பிகோலிட்டர் துளி என்றால் ஒரு மில்லிலிட்டரில் 25 கோடி துளி. இழுக்கிற வழியில் எங்கேனும் தடை இருந்தால், செலவாகிற வேகத்துக்கு வரத்து ஈடுகொடுக்காது. நாஸில் செக்குக்குத் தேவையானது துளியூண்டு மை, அதனால் அது நன்றாக வருகிறது. அடர்ந்த வானத்துக்கு மை போதவில்லை. மெஷின் சும்மா நின்றால், மெதுவாக ஊறி மறுபடி நிரம்பிவிடுகிறது.

வீட்டில் வைக்கும் சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜ் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்து சவாரி செய்யும். மைக்கு வழி சில மில்லிமீட்டர்தான். 44 அங்குல மெஷினில் பெரிய கார்ட்ரிட்ஜ்கள் ஓரத்தில் நிற்கின்றன, ஹெட் மட்டும் நீளமான டியூபை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறது. திரும்புகிற ஒவ்வொரு முறையும் டியூபில் உள்ள மை குலுங்கும். அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்ளத்தான் ஹெட்டின் தலைக்குமேல் நிறத்துக்கு ஒரு டேம்பர். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூடு. ஒரு பக்கம் மெல்லிய படலம், உள்ளே பொடிக்கண் வடிகட்டி. பிக்மென்ட் மையின் படிவு வருடக்கணக்கில் அந்த வடிகட்டியில்தான் சேர்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நானும் மெஷினைத் திறந்தோம். கீழிருந்து மேலே போவது என்று முடிவு. முதலில் கேப்பிங், அதாவது மெஷின் சும்மா நிற்கும்போது ஹெட்டின் அடியை மூடும் கேப். ஹெட்டை நகர்த்திவிட்டுப் பார்த்தால், ரப்பர் உதட்டைச் சுற்றி மை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதில் தாள் நார் ஒட்டியிருந்தது. டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த, நார் உதிராத குச்சியால் துடைத்தோம். பிறகு கேப்பில் விளிம்பு வரை அதே தண்ணீரை விட்டு, கேப் வழியே மையை உறிஞ்சும் பம்பை ஓடவிட்டோம். தண்ணீர் சட்டென்று இறங்கியது. பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது போதும்.

அடுத்தது டேம்பர். லைட் சயான் டேம்பரின் ஜன்னலில் பாதிதான் மை, மீதி நுரை. அதைக் கழற்றி, டியூப் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி மெல்ல இழுத்தபோது மை தாராளமாக வந்தது. ஆக, கார்ட்ரிட்ஜிலும் டியூபிலும் தடை இல்லை. அதே சிரிஞ்சை டேம்பரின் அடிவாயில் வைத்து இழுத்தால் பிஸ்டன் வர மறுத்தது. விட்டதும் உள்ளே திரும்பி ஓடியது. மை நின்ற இடம் கிடைத்துவிட்டது. புது டேம்பர் போட்டு, இணைப்பில் இருந்த பழைய ஓ-ரிங்கையும் மாற்றினோம். காற்றை வெளியேற்றிவிட்டு ஓடவிட்ட படத்தில் வானம் கடைசி அங்குலம் வரை நீலமாகவே வந்தது. டேம்பரின் விலை சில நூறு ரூபாய்தான்.

இப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நாஸில் செக் தாளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். விடுபட்ட கோடுகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால் அடைப்பு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்று. வீட்டு மோட்டாரில் ஏர் பிடிப்பது போலத்தான் இதுவும். கிளீனிங் போட்டபின் முன்னைவிட மோசமானால் கேப் சரியாக ஒட்டவில்லை, அல்லது பம்ப் இழுக்கவில்லை. நாஸில் செக் சரியாக இருந்தும், படத்தின் தொடக்கம் நன்றாக வந்து போகப்போக வெளிறினால் டேம்பர், டியூப், கார்ட்ரிட்ஜ். ரீஃபில் கார்ட்ரிட்ஜாக இருந்தால் அதன் காற்றுத் துளை மூடிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஒரு நிறத்துக்காக ஏழு நிற மையும் கழிவுத் தொட்டிக்குப் போகும். இணைப்பில் கசிவு இருந்தால் ஒவ்வொரு உறிஞ்சலும் இன்னும் காற்றை உள்ளே இழுக்கும். மெக்கானிக் ஹெட்டை மாற்றச் சொன்னால், கேப்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தாரா, டேம்பரைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். அந்த இரண்டும் முடியும் வரை ஹெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.